கடைசி நாளில் பன்னிரண்டு மணி நேரம்

சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள் ஒரு தனி வகையான நாள். உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பும் மனநிலையில் இருப்பார்கள். மேசையில் சட்டமுன்வடிவுகள் வரிசையாகக் காத்திருக்கும். 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்று பேரவைத் தலைவர் சொல்வார். ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஆம் என்ற ஓசை எழும். ஒன்று முடிந்து அடுத்தது வரும். மாதக்கணக்கில் வீதியில் பேசவேண்டிய விஷயம் அவையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

2023 ஏப்ரல் 21 தமிழ்நாடு சட்டப்பேரவைக்கு அப்படியொரு கடைசி நாள். அன்று நிறைவேறிய இரண்டு மசோதாக்களைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். ஒன்று எல்லோருக்கும் நினைவிருக்கும்: தொழிற்சாலைகள் சட்டத்தின் தமிழ்நாடு திருத்தம், அதாவது '12 மணி நேர வேலை மசோதா'. இன்னொன்று அவ்வளவாக நினைவில் இருக்காது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் மசோதாவின் கதை சுருக்கமானது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஏப்ரல் 12 அன்று அறிமுகம் செய்தார். 21ஆம் தேதி குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளான இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள், காங்கிரஸ் முதலியோர் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. 24ஆம் தேதி மசோதா மீதான மேல்நடவடிக்கை நிறுத்திவைக்கப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மே 1 அன்று சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்பட்டதாகச் சொன்னார். சிங்காரவேலர் 1923இல் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு. கதை சுபமாக முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள்.

மசோதா போனது நல்லதுதான். ஆனால் அது எதைச் செய்ய வந்தது, அதை எந்தக் காரணம் சொல்லி விரட்டினோம் என்று திரும்பிப் பார்த்தால், இரண்டு இடத்திலும் ஒரே ஆள் காணாமல் போயிருக்கிறார். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது 2019–20ஆம் ஆண்டின் தொழிற்துறை ஆய்வுக் கணக்கு. நாட்டில் வேறெந்த மாநிலத்தையும்விட இங்கேதான் தொழிற்சாலை வேலைநேரம் என்பது பெண்களின் கேள்வி. அப்படி அது பேசப்பட்டதா?

முதலில் மசோதாவின் சொற்களைப் படிப்போம். சட்ட வாசகத்தைப் படிப்பது வக்கீல்களின் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொள்வது அவர்களுக்கு வசதி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்ப்பதே மசோதா. 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளில் எதிலிருந்தும், அல்லது எல்லாவற்றிலிருந்தும், எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் விலக்கு அளிக்கலாம். நிபந்தனைகளை அறிவிக்கையில் சொல்லிக்கொள்ளலாம். இதுதான் சாரம்.

வெறும் எண்களாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற உச்சவரம்பு. 52 வாராந்திர விடுமுறை. 54 ஒரு நாளைக்கு 9 மணி நேரம். 55, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரைமணியாவது ஓய்வு தரவேண்டும் என்பது. 56, இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளின் வேலை பத்தரை மணி நேரத்துக்குள் முடியவேண்டும் என்பது. 59, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி.

ஆக அந்தப் பிரிவில் பன்னிரண்டு மணி நேரம் என்ற பேச்சே கிடையாது. 'வாரத்துக்கு நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை, மொத்தம் அதே 48 மணி நேரம்' என்று அமைச்சர்கள் விளக்கினார்களே, அதுவும் கிடையாது. 48 மணி நேரம் மாறாது என்பதுதான் நோக்கம் என்றால், 48 மணி நேரத்தைச் சொல்லும் 51ஆம் பிரிவை விலக்குப் பட்டியலில் ஏன் சேர்க்கவேண்டும்? விடுமுறை கூடும் என்றால் விடுமுறைக்கான 52ஆம் பிரிவுக்கு ஏன் விலக்கு? அமைச்சர்களின் விளக்கம் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதாகவே இருக்கட்டும். நாளை நீதிமன்றத்தில் படிக்கப்படுவது பேட்டி இல்லை, சட்டம்.

பழைய சட்டத்திலேயே 12 மணி நேரம் இருந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். அவசர வேலை குவிந்துவிட்டால் தற்காலிகமாக விலக்கு அளிக்க 65ஆம் பிரிவு அனுமதித்தது. ஆனால் அந்த விலக்குக்கும் சுவர்கள் இருந்தன: நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரத்துக்கு 60ஐத் தாண்டக்கூடாது, மூன்று மாதத்தில் ஓவர்டைம் 75 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இரட்டைக் கூலியைத் தொடவே முடியாதிருந்தது. 65ஏ கொண்டுவந்தது பன்னிரண்டு மணி நேரத்தை அல்ல. இந்தச் சுவர்கள் இல்லாத ஒரு வாசலை. கொரோனா காலத்தில் குஜராத் அரசு இரட்டைக் கூலி இல்லாமல் 12 மணி நேர வேலைக்கு அறிவிக்கை போட்டதும், பெருந்தொற்று என்பது அந்தச் சட்டம் சொல்லும் 'பொது அவசரநிலை' ஆகாது என்று 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் நினைவுக்கு வருகின்றன. அவசரம் என்று காரணம் காட்டிச் செய்ய முடியாததை, காரணமே காட்டாமல் செய்யும் அதிகாரத்தைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிக்கொள்ள முயன்றால் அதன் வடிவம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். நெகிழ்வான வேலைநேரம் பெண்களுக்கு நல்லது என்பது இத்தகைய திருத்தங்களோடு எப்போதும் சேர்ந்தே வரும் வாதம். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஒரு நிமிடம் குறைய ஐந்து மணி நேரம். வீட்டுவேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அதையும் செய்கிற ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது. அது தனிக் கணக்கு, பெண்ணுக்கு 134 நிமிடம்.

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள ஆலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை 12 மணி நேரம். இடைவேளை ஒரு மணி. பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி. பதினைந்து ஆயிற்று. மீதி ஒன்பதில் வீட்டுவேலை ஐந்து மணி நேரம். இந்த 299 நிமிடம் வேலைக்குப் போகாத பெண்களையும் சேர்த்த சராசரி, ஆலைக்குப் போகிறவர் இவ்வளவு செய்யமாட்டார் என்று யாராவது சொல்லலாம். சரி, பாதியாகவே வைத்துக்கொள்வோம். குழந்தையைப் பார்ப்பதிலும் பாதியே சேர்ப்போம். குளிக்க, சாப்பிட நேரம் போக, தூங்குவதற்கு ஐந்து மணி நேரம் மிஞ்சினால் அதிகம். கண்ணையும் விரலையும் கேட்கிற அசெம்பிளி லைன் வேலைக்கு அடுத்த நாள் அதே பெண் வந்து நிற்கவேண்டும்.

அதுதான் மூன்று நாள் விடுமுறை இருக்கிறதே என்பார்கள். இங்கேதான் மசோதாவின் கணக்கு, வீடு என்றால் என்னவென்று தெரியாத ஒருவரின் கணக்காகிறது. ஆலை வேலையை மணிக்கணக்கில் கூட்டி நான்கு நாளில் அடைக்கலாம். சோற்றை நான்கு நாளைக்குச் சேர்த்து வடிக்க முடியாது. குழந்தை நான்கு நாள் பசியைச் சேர்த்துவைத்து வெள்ளிக்கிழமை அழுவதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் ஷிப்டைக் கேட்டு வருவதில்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அதே சட்டத்தின் 48ஆம் பிரிவு சொன்னது. தாய் பன்னிரண்டு மணி நேரம் உள்ளே இருந்தால் காப்பகம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும்? பள்ளி விட்டு நாலரை மணிக்கு வரும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கதவைத் திறப்பவர் யார்? பெரும்பாலும் பாட்டி, அல்லது பள்ளிப்படிப்பை விட்டுவிட்ட மூத்த மகள்.

55ஆம் பிரிவைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. அரைமணி ஓய்வு சின்ன விஷயமாகத் தெரிகிறது போலும். கழிப்பறைக்குப் போவதற்கு டோக்கன், போய்வந்த நிமிடத்துக்குக் கணக்கு என்றிருக்கும் வேலையிடங்களில் அது சின்ன விஷயம் அல்ல. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்கு லீவுக்குப் பதிலாகப் பெயர்கூட இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வு வெளிக்கொண்டுவந்தது. ஓய்வு என்பது சட்டத்தில் இருக்கும்போதே நிலைமை இது.

அடுத்து 'விருப்பம்' என்ற சொல். விரும்பும் தொழிலாளிக்கு மட்டும்தான் 12 மணி நேரம் என்றது அரசு. இந்தச் சொல்லைப் பெண்களிடம் யாரும் லேசாகப் பயன்படுத்தக்கூடாது. நம்முடைய கல்யாணங்கள் முதல் நம்முடைய ஓவர்டைம் வரை எல்லாமே நம் விருப்பத்தின் பேரில் நடந்ததாகத்தான் பதிவாகியிருக்கின்றன. கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' நடந்ததும் விருப்பத்தின் பேரில்தான். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று, வறுமையில் இருந்த குடும்பங்களின் இளம் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். விடுதியின் சாவி ஆலையிடம் இருக்கும்போது 'இன்றைக்கு முடியாது' என்பதை எந்த வாயால் சொல்வது? ஒப்பந்தத் தொழிலாளியாக, பணிநிரந்தரம் இல்லாதவராக, மேற்பார்வையாளர் ஆணாக இருக்கும் லைனில் நிற்பவராக இருக்கும்போது?

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்ணைக் கேட்டால், நான்கு நாள் வேலை, மூன்று நாள் வீட்டில் என்பது பிடித்திருக்கிறது என்று சொல்லக்கூடும். அவரை ஏமாளி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவருக்காகத்தான் இந்த மசோதா என்றால் அதை அப்படி எழுதியிருக்கலாம்: வாரத்துக்கு 48 மாறாது, நான்கு நாளுக்கு மேல் கூடாது, மறுத்தால் வேலை போகாது, இரட்டைக் கூலி உண்டு. நான்கே வரி. மசோதாவில் அந்த நான்கு வரிக்கு இடமில்லை.

எதிர்த்தவர்களிடம் வருகிறேன். இது கொஞ்சம் சங்கடமான பகுதி, ஏனென்றால் அவர்கள் நம்முடைய ஆட்கள். போராட்டத்தின் மைய முழக்கம் எட்டு மணி நேர வேலை. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று நாளை மூன்றாகப் பிரித்த அந்தக் கோரிக்கைக்கு இரத்தம் சிந்திய வரலாறு உண்டு. அதை மதிக்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது எட்டு மணி நேரம் யாருடையது? ஆண் தொழிலாளி வீட்டுக்கு வந்து ஓய்வெடுக்கும்போது அங்கே ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். அவர் இருப்பதால்தான் அந்த எட்டும் ஓய்வாகிறது. பெண் தொழிலாளிக்கு அந்த இரண்டாவது எட்டு, அடுப்படியில் தொடங்கும் இன்னொரு ஷிப்ட். பன்னிரண்டு வேண்டாம், எட்டுக்கே திரும்புவோம் என்று சொல்லும்போது, எட்டிலேயே அவருக்கு ஓய்வு இருந்ததில்லை என்பது அடிபட்டுப் போகிறது. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையில் பாறையைப் பெயர்ப்பவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் ஆண்கள். தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதை வடித்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது; நம் மனதில் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு இன்னும் அந்த உடல்தான்.

பெண் தொழிலாளர்கள் தங்கள் பிரச்சினையை வேறு மொழியில் சொல்லியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தபின், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். கூலிக்காக அல்ல, நல்ல சோற்றுக்காகவும் மனிதர் தங்கும்படியான இடத்துக்காகவும். நமது தொழிற்சங்க அகராதியில் அது 'நலன்' என்ற தலைப்பில், கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் வரும். அவர்களுக்கு அதுதான் வேலைநிலைமையே.

அவைக்குள் நடந்ததைப் பார்ப்போம். 2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேரில் பெண்கள் 12 பேர். அவர்கள் அன்று என்ன நினைத்தார்கள்? பதிவிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. குரல் வாக்கெடுப்பில் பெயர்கள் பதிவாவதில்லை, ஓசைதான் பதிவாகிறது. வெளிநடப்பும் அப்படித்தான்: எதிர்ப்பைக் காட்டும், ஆனால் 'இல்லை' என்று ஓர் எண்ணாகப் பதியாது. பெயர் சொல்லி எண்ணும் வாக்கெடுப்பைக் கேட்டிருந்தால், குறைந்தபட்சம் யார் எந்தப் பக்கம் என்பதாவது அவைக்குறிப்பில் இருந்திருக்கும். பிறகு மசோதா திரும்பப் பெறப்பட்டதும் அவையில் அறிவிக்கப்படவில்லை, பூங்காவில் அறிவிக்கப்பட்டது. வந்தபோதும் நிதானமான விவாதம் இல்லை, போனபோதும் இல்லை. தேர்வுக் குழு ஒன்றுக்கு அனுப்பி, பெண் தொழிலாளர்களைச் சாட்சிகளாக அழைத்திருந்தால் 55ஆம் பிரிவைப் பற்றி அவர்கள் சொல்லியிருப்பார்கள். நிதிச் செலவு உள்ள மசோதாவோடு நிதிக் குறிப்பு ஒன்று இணைக்கப்படுகிறது. பெண்களின் நேரம் எவ்வளவு செலவாகும் என்ற குறிப்பை எந்த மசோதாவோடும் யாரும் கேட்பதில்லை.

கடைசி நாள் என்பது ஒரு கட்சியின் பழக்கமோ ஒரு மாநிலத்தின் பழக்கமோ அல்ல. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முன்கூட்டியே முடிக்கப்பட்டது. அதன் கடைசி நாளான 23ஆம் தேதி, எதிர்க்கட்சிகள் புறக்கணித்த மாநிலங்களவையில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்துவிட்டன. காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் பெண்கள் வேலை செய்யலாம், அவர்களின் சம்மதம் இருந்தால். இரவு வேலையைத் தடுத்துவைப்பது சமத்துவம் ஆகாது என்று 2000ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு சொன்னதுதான். தடை வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அந்தச் 'சம்மதம்' எப்படிப் பெறப்படும் என்பதைக் கேட்கிறேன். பூங்காவில் திரும்பப் பெற்ற சொல் வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

இனி அந்த இரண்டாவது மசோதா. அதே ஏப்ரல் 21 அன்று, விவாதமின்றி, தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டமுன்வடிவு நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத, உள்ளே ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருக்கும் நிலத்தை, அரசு சிறப்புத் திட்டம் என்று அறிவிக்கும் ஒன்றுக்காக ஒருங்கிணைக்க வழி செய்வது அது. நீரின் கொள்ளளவு குறையக்கூடாது என்று அதில் அக்கறை காட்டப்பட்டிருக்கிறது. கொள்ளளவு கன அடியில் அளக்கக்கூடியது. ஏரி உள்வாயில் ஆடு மேய்ப்பதையும், கரையில் கீரை பறிப்பதையும், சுள்ளி பொறுக்குவதையும், தண்ணீர் வற்றும் மாதத்தில் நத்தையும் கெண்டையும் பிடித்து ஒருவேளைக் குழம்பாக்குவதையும் அளக்க அலகு இல்லை. பட்டா இல்லாத குடும்பங்களில், பெரும்பாலும் தலித் குடும்பங்களில், இந்த வேலைகளைச் செய்வது பெண்கள். நில உரிமையாளரைக் கலந்தாலோசிப்பது என்றால் அவர்கள் அந்தப் பட்டியலிலேயே வரமாட்டார்கள்.

பன்னிரண்டு மணி நேர மசோதாவுக்கு எதிராகப் பேச மத்தியச் சங்கங்கள் இருந்தன, கூட்டணிக் கட்சிகள் இருந்தன, தேதியாக மே 1 இருந்தது. ஏரிக்கரையில் நிற்பவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. சூழலியல் அமைப்புகள் கேள்வி எழுப்பின. அந்தக் குரல் கோட்டையை அசைக்கவில்லை. ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2024 அக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.